துணை வருவாயும் முழுக் கடமையும்

கற்கும் காலத்திலேயே தம் உழைப்பினாற் சிறிது பொருளீட்டிக்கொள்ளும் மாணவர் எக்காலத்தும் நம் கல்லூரிகளில் இருந்து வந்திருக்கின்றனர். சிறுவர்க்குத் தனிப்பாடஞ் சொல்லிக்கொடுத்து விடுதிக் கட்டணஞ் செலுத்தினோரும், அச்சகங்களிற் பிழைதிருத்திப் பாடநூல்கள் வாங்கினோரும், மாலை வேளைகளிற் கடைக்கணக்கு எழுதித் தம்பி தங்கையரைப் படிக்கவைத்தோரும் பலராவர். அங்ஙனம் உழைத்தல் இழிவன்று. பெற்றோரின் சுமையை ஒரு சிறிதேனும் குறைக்கும் நேர்மையான தொழில் எதுவாயினும் அது மாணவர்க்கு அணியேயாகும். இந்நாளில் அவ்வரிசையிற் புதிதாக வந்து சேர்ந்திருப்பது மணவிழாக்களில் நிழற்படம் எடுக்கும் தொழில். கையில் ஒரு காமிராவும், விடுமுறை நாட்களில் ஓய்வும், சிறிது கலையார்வமும் உடைய இளைஞர் பலர், ‘அடுத்த முகூர்த்தத்திற்கு நானே படமெடுக்கிறேன்’ என்று முன்வருகின்றனர்.

இம்முயற்சியைப் பழித்தல் நம் நோக்கமன்று. ஆயினும், இத்தொழிலில் இறங்குமுன் ஒவ்வொருவரும் தெளிந்துகொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. வருவாய் துணை வருவாயாக இருக்கலாம். கடமை துணைக் கடமையாக இருத்தல் ஆகாது. படமெடுப்பவனுக்கு அது ஒரு விடுமுறை நாளின் வேலை. படமெடுக்கப்படும் குடும்பத்திற்கோ அது வாழ்நாளில் ஒரு முறையே வரும் நாள். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை மறந்து தொழிலில் இறங்குவதே எல்லாத் தவறுகளுக்கும் வித்தாகின்றது.

இத்தொழில் மாணவர் கைக்கு எட்டியதன் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் தகும். டாகேர் என்பாரின் நிழற்பட முறை 1839ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டில் உலகறிய வெளியிடப்பட்டது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர், சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராயிருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் மெழுகூட்டிய தாள்களிற் படம்பிடித்தார். அக்காலத்தில் அசையாத கோபுரமே படத்திற்கு ஏற்ற பொருள். ஆடிப்பாடும் மணவீடு அன்று. 1888ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் என்பார் சுருட்படலத்தோடு கூடிய கோடக் காமிராவை வெளியிட்ட பின்னரே படமெடுத்தல் பொதுமக்கள் கைக்கு வந்தது. 1975ஆம் ஆண்டில் அதே நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் படலம் இல்லாமலே மின்னணு முறையிற் படம்பிடிக்கும் கருவியொன்றைச் செய்தார். ஏறத்தாழ 3.6 கிலோகிராம் எடையுள்ள அக்கருவி ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிவதற்கு 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய காமிராவோ ஒரு நொடியிற் பத்துப் படங்களையும் பதிந்துவிடுகின்றது. கருவி இவ்வாறு எளிதாகிவிட்டமையால், அதனைக் கொண்டு செய்யும் தொழிலும் எளிதாகிவிட்டது என்று நாம் மயங்குகின்றோம். எளிதானது பொத்தானை அழுத்துதல் மட்டுமே.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பல்லாண்டுச் சேமிப்பையும், சில வேளைகளிற் கடனையும் இட்டு ஒரு குடும்பம் அந்த இரண்டு நாட்களை நடத்துகின்றது. பந்தல் பிரிக்கப்படும், விருந்து செரித்துவிடும், மாலைகள் மறுநாளே வாடிவிடும். எஞ்சி நிற்பவை உறவும், கடனும், நிழற்படமுமே. மேலும், ஏனைய துணைத் தொழில்களுக்கு இல்லாத இயல்பு ஒன்று இதற்கு உண்டு. தனிப்பாடம் சொல்லும் மாணவன் இன்று தவறிய கணக்கை நாளை மீண்டும் விளக்கலாம். பிழைதிருத்துவோன் விட்ட பிழையை அடுத்த பதிப்பிற் களையலாம். ஆனாற் கெட்டிமேளம் முழங்க மங்கலநாண் பூட்டப்படும் அச்சில நொடிகளைத் தவறவிட்டவன், ‘இன்னொரு முறை கட்டுங்கள்’ என்று கேட்க முடியுமா?

இதனை யான் நூல்களிற் கற்றேனல்லேன். என் தவற்றினாற் கற்றேன். மாணவப் பருவத்தில் என் நண்பன் ஒருவனுடைய தமக்கையின் திருமணத்திற்குப் படமெடுக்க ஒப்புக்கொண்டேன். ஸ்டூடியோக்காரர் கேட்டதிற் பாதி கொடுத்தாற் போதும் என்று யானே சொன்னேன். இரவல் வாங்கிய காமிராவோடு இரண்டு நாட்கள் ஓயாது சுற்றி ஏறத்தாழ 1,400 படங்கள் எடுத்தேன். மணமகளின் மருதாணியிட்ட கையை மட்டும் நாற்பது கோணங்களில் எடுத்திருப்பேன். படங்களைக் கண்ட தோழர்கள் பாராட்டினர்; குடும்பத்தாரும் மகிழ்ந்தனர்; யானும் செருக்குற்றேன்.

ஐந்து திங்கள் கழித்து மணமகளின் தாய்வழிப் பாட்டனார் காலமானார். மறுநாள் நண்பனின் அன்னையார் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, அப்பா தனியாக இருக்கிற படம் ஒன்று வேண்டும். கல்யாணத்தன்று எடுத்திருப்பாயே?” என்று கேட்டார். அன்றிரவு முழுவதும் தேடினேன். அம்முதியவர் முன்வரிசை நாற்காலியில் மாலை தொடங்கி விருந்து முடியும் வரை வீற்றிருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆயினும் அவர் தோன்றிய படங்கள் மூன்றே. ஒன்றில் அவர் முகத்தின் பாதியை வீடியோ விளக்கின் தண்டு மறைத்தது. மற்றொன்றில் மணமகளின் புன்னகை தெளிவாயிருக்க, பின்னால் அவர் மங்கிய நிழலாக இருந்தார். மூன்றாவதில் அட்சதை தூவும் அவருடைய கை மட்டும் இருந்தது. அக்கையைக் கண்டவுடனே வீட்டார் அனைவரும் இன்னாருடையது என்று அறிந்து கண்கலங்கினர். ஆனாற் கையை மட்டும் சுவரில் மாட்டி மாலையிட இயலுமா? முடிவில், வாக்காளர் அடையாள அட்டையிலிருந்த மங்கிய முகத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டனர். அவ்வம்மையார் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்திருக்கும்.

நம் வீடுகளிற் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் முன்னோர் படங்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பல ஏதோ ஒரு மணவிழாவில் எடுத்த கூட்டப்படத்திலிருந்து பிரித்தெடுத்துப் பெரிதாக்கப்பட்டவையே. முதியோர் தமக்கென்று படமெடுத்துக்கொள்ள ஸ்டூடியோவிற்குச் செல்வது அரிது. பேரன் பேத்தியரின் திருமணத்திலேயே அவர்கள் நல்லாடை உடுத்துக் காமிராவின் முன் வருகின்றனர். ஆதலின் மணவிழாப் போட்டோக்காரன் எடுப்பது இருவருடைய மண நினைவு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் நினைவு முழுவதுமாகும். இதனை உணராது, தன் திறமையைப் பிறர் மெச்ச வேண்டும் என்று படமெடுப்பவன் தனக்காகத் தொழில் செய்கின்றானேயன்றித் தனக்குக் கூலி கொடுத்தவர்க்காகச் செய்வதில்லை.

அந்நிகழ்ச்சிக்குப் பின்னர், நெடுங்காலம் இத்தொழிலிலிருந்த முதியவர் ஒருவரிடம் யான் கையாளாகச் சென்று சேர்ந்தேன். அவர் முதல் நாளிற் சொன்னது இதுவே: “தம்பி, பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கும் போய்விட மாட்டார்கள். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை முதலில் எடு.” விழாவிற்கு முன்பே வீட்டாரிடம் முதியோர் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வதும், உறவினரை அடையாளங்காட்டுதற்கு அத்தை முறையுள்ள ஒருவரை அருகில் நிறுத்திக்கொள்வதும் அவர் வழக்கம். இவை காமிராவோடு வரும் கையேட்டில் இல்லாத பாடங்கள்.

எனவே, புதிதாகத் தொடங்குவோர்க்கு யான் வற்புறுத்துவது இது: தனியே பொறுப்பேற்குமுன் ஒரு மணப்பருவமேனும், பத்து விழாக்களிலேனும், அனுபவமுள்ளவர் ஒருவருக்கு இரண்டாமவராக இருங்கள். கூலி குறைவாக இருக்கலாம். ஆயினும் அங்கே கற்பவை பல. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது. ஆதலால் மண்டபத்து விளக்குகள் பல நொடிக்கு 100 முறை கூடியும் குறைந்தும் ஒளிர்கின்றன. கண்ணுக்கு இது தோன்றாது. காமிராவை நொடியில் 500இல் ஒரு பங்கு என்னும் விரைவில் வைத்தாற் படத்தில் கருங்கோடுகள் விழக்கூடும். 100இல் ஒரு பங்கில் வைத்தால் அவை பெரும்பாலும் நீங்கும். வேள்விப் புகையின் மீது பிளாஷ் ஒளியை நேரே வீசினாற் புகையே வெண்திரையாகி முகங்களை மறைக்கும். தாழ்ந்த வெண்ணிற மேற்கூரையின் மீது வீசித் திருப்பினால் ஒளி மென்மையாக இறங்கும். மங்கலநாண் பூட்டும் வேளையில் உறவினர் யாவரும் எழுந்து சூழ்ந்துகொள்வர். எங்கே நிற்க வேண்டும் என்பதை அரைமணி நேரத்திற்கு முன்பே முடிவு செய்யாதவனுக்கு முதுகுகளே படமாகும். வீடியோ எடுப்பவரோடு முன்னரே பேசிக்கொள்ளாவிடின் ஒருவர் மற்றவரை மறைத்தல் உறுதி.

சமயத்திற்கேற்ப ஒழுக்கமும் வேறுபடும். தேவாலயத்திற் குருவானவரின் இசைவு பெற்று, அவர் காட்டிய இடத்தில் நின்று, ஜெப வேளையிற் காமிராவைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். உடன்படிக்கை சொல்லும் வேளையும், பதிவேட்டிற் கையொப்பமிடும் வேளையும் தவறலாகா. இசுலாமியர் இல்லங்களில் நிக்காஹ் நடக்கும் இடம் வேறாகவும், மணமகளும் பெண்டிரும் இருக்கும் இடம் வேறாகவும் இருத்தல் உண்டு. ஆங்கே படமெடுக்கப் பெண்களையே விரும்புவர். நம் மாணவியர்க்கு இது நல்ல வாய்ப்பு என்பதையும் குறிப்பிட வேண்டும்.

‘எல்லோரும் என்றேனும் ஒரு நாள் முதல்வேலையைத் தொடங்கியவர்தாமே? புதியவனுக்கு ஒருவரும் வேலை கொடாவிடின் அவன் எங்ஙனம் தேறுவான்? பெரும்பொருள் கொடுக்க இயலாத ஏழைக் குடும்பங்களுக்கு எம் போன்றோரன்றோ உதவி?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. அதற்கு நம் விடை: மறைக்காமற் சொல்லுங்கள். ‘யான் புதியவன்; இத்தனை விழாக்களிற் கையாளாக இருந்தேன்; தனியே எடுத்த படங்கள் இவை’ என்று முழுவதையும் காட்டுங்கள். பிறர் தலைமையில் எடுத்த படங்களைத் தம்முடையனபோற் காட்டுதல் பொய். உண்மையை அறிந்த பின்னும் வீட்டார் இசைந்தால் அது அவர்கள் விருப்பம். ஏழைக் குடும்பத்திற்கு உதவுதல் நன்று. ஆனால் ஏழையின் மணவிழாவை நம் பயிற்சிக்களம் ஆக்குதல் நன்றன்று. அவர்களுக்கும் அந்நாள் ஒருமுறையே வருகின்றது.

இனி, கூலியைப் பற்றி ஒரு சொல். புதியவர் பலர் ‘மிகக் குறைந்த விலை’ என்பதையே தம் தகுதியாகக் கூறிக்கொள்கின்றனர். ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவன் இரண்டு நாள் விழாவிற்கு 10,000 ரூபாய் பெறுவதாகக் கொள்வோம். காமிராவும் லென்சும் பிளாஷும் சேர்ந்து 1,20,000 ரூபாய் ஆகி, 40 விழாக்களில் அம்முதலை மீட்பதாயின், விழா ஒன்றுக்கு 3,000 ரூபாய் கழியும். போக்குவரவிற்கும் படங்களைச் சேமித்து வைத்தற்கும் 1,000 ரூபாய் வைப்போம். எஞ்சுவது 6,000 ரூபாய். மண்டபத்தில் 12 மணி நேரமும், வீட்டிற் படங்களைத் தெரிந்தெடுத்துத் திருத்துதற்கு 24 மணி நேரமும் ஆயின், மணிக்கு ஏறத்தாழ 167 ரூபாய் வரும். பாதி விலைக்கு ஒப்புக்கொண்டாலோ எஞ்சுவது 1,000 ரூபாயே. மணிக்கு 28 ரூபாய்கூட வாராது. காமிராவைத் தவணைக் கடனில் வாங்கியிருந்தால் வட்டியும் சேர்ந்து கைப்பொருளே கரையும். ஆதலின் முதற்சில விழாக்களுக்குக் கருவியை வாடகைக்கு எடுத்தலே அறிவுடைமை.

இதில் வேறொருவர் இழப்பும் அடங்கியிருக்கின்றது. நம் ஊர்க் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் அத்தொழிலினின்றே வாடகையும், உதவியாளர் கூலியும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தருகின்றவர். உணவும் உறையுளும் தந்தை தர, கைச்செலவிற்காகத் தொழில் செய்யும் மாணவன் அவரிற் பாதி விலைக்கு முன்வந்தால், அவன் திறமையால் வெல்வதில்லை. தந்தையின் பொருளாலேயே வெல்கின்றான். நியாயமான கூலி கேட்டு, அதற்குரிய வேலையைச் செய்து, அவரோடு ஒத்து வாழ்தலே கற்றோர்க்கு அழகு. நெருக்கடியான முகூர்த்த நாளில் அவரே நமக்கு வேலை தருபவராகவும் ஆவார்.

பேச்சு எழுத்தில் இருத்தல் நலம். எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், ஆல்பம் உண்டா இல்லையா, எந்த நாளிற் கொடுப்பது, முன்பணம் எவ்வளவு, போட்டோக்காரன் நோயுற்றால் யார் வருவார் என்பனவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். நண்பர் வீடாயின் இது இன்னும் இன்றியமையாதது. ஏனெனின் அங்கே பணத்தோடு நட்பும் அழியக்கூடும். நம் நாட்டு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கூலி கொடுத்து எடுப்பித்த நிழற்படத்திற்கு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, எடுப்பித்தவரே முதல் உரிமையாளர். இஃது அறியாமற் பலர் மணமகளின் படத்தை உடனே சமூக வலைத்தளங்களில் ஏற்றித் தம் தொழிலை விளம்பரஞ் செய்கின்றனர். சட்டம் இருக்கட்டும், பிறர் வீட்டுப் பெண்ணின் படத்தை இசைவின்றி ஊரறியக் காட்டுதல் பண்பாகுமா?

படங்களைக் காத்தலும் படமெடுத்தலைப் போன்ற கடமையே. இரண்டு மெமரி கார்டுகளில் ஒருங்கே பதியும் காமிராவாயின் மிக நன்று. இல்லையேல் ஒரே கார்டை நிரப்பாமற் பலவற்றில் மாற்றி மாற்றிப் பதிய வேண்டும். வீடு திரும்பிய அன்றே, உறங்குமுன், மூன்று படிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறிடத்தில் வைத்த பின்னரே கார்டை அழிக்கலாம். வேறொரு காமிராவும், மாற்று மின்கலங்களும் இல்லாமல் மண்டபத்திற்குட் செல்லலாகாது.

இறுதியாக, மாணவர் என்பதையும் மறத்தலாகாது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்கள் பெரும்பாலும் மணம் முடிப்பதில்லை. தவக்காலத்திற் கிறித்தவர்களும் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். ஆதலின் இவ்வருவாய் ஆண்டு முழுதும் சீராக வருவதன்று. தையிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் நெருங்கி வரும். அப்பொழுது கல்லூரியும் நடந்துகொண்டிருக்கும். விடியற்கால முகூர்த்தத்திற்கு இரவெல்லாம் விழித்தவன் வகுப்பில் உறங்குவான். வைகாசி விழாக்களோ பெரும்பாலும் விடுமுறையில் வருவன. தொடங்குவோர்க்கு அதுவே ஏற்ற பருவம். தேர்வு நாளையும் முகூர்த்த நாளையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்கலாகாது. கொடுத்த பின் தேர்வைக் காரணங்காட்டிப் பின்வாங்குவது, ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் விடுவதற்கு ஒப்பாகும்.

மாணவ நண்பர்களே! காமிராவை எடுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், உழைத்துப் பொருளும் ஈட்டுங்கள். ஆனால் முன்பணத்தைக் கைநீட்டி வாங்கும் அந்நொடியில் அவ்விழா உங்களுக்கு ஓய்வுநேர வேலை என்னும் நிலை நீங்கிவிடுகின்றது என்பதை நினைவில் நிறுத்துங்கள். மண்டபத்திற்குள் நுழைந்தவுடன் மணமேடையை நோக்கி ஓடுமுன், ஒரு முறை முன்வரிசை நாற்காலிகளைப் பாருங்கள். அங்கே கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தம்மை ஒருவரும் படமெடுக்கக் கேட்க மாட்டார்கள் என்று எண்ணி, அமைதியாக ஒருவர் வீற்றிருப்பார். அவர் அருகிற் சென்று, வணங்கி, முகம் தெளிவாகத் தெரியுமாறு ஒரு படம் எடுத்துவிட்டுப் பின்னர் உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.